நாலு பேர் ஆடினா டீம்... நாப்பது பேர் ஆடினா?



செமஸ்டர் நெருங்குது. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் ஒரு ஸ்லைடு கூட ரெடி பண்ணல. இந்த நேரத்துல உக்காந்து பதிவு எழுதறேன்னா காரணம் ரெண்டு. ஒண்ணு, பாடப் புத்தகத்தைத் தொறந்தாலே எனக்கு வேற எதையாவது எழுதணும்னு கை பரபரக்கும் (தீராத வியாதி). ரெண்டு, ஒரு மாசமா மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டிருக்கற ஒரு விஷயம். போன தடவை கும்பகோணம் டிகிரி காபி, அதுக்கு முந்தி பேருந்து டிக்கெட் நிறங்கள்னு எழுதினேன். இந்த தடவை ஈஸ்போர்ட்ஸ். கேம் விளையாடாதவங்களும் ஓடிடாதீங்க, புரியற மாதிரிதான் சொல்லப் போறேன்.

முதல்ல சொந்தக் கதை, சோகக் கதை.

எங்க ஹாஸ்டல்ல ஒரு டீம் இருக்கு. பிஜிஎம்ஐ ஆடுற டீம். ஆடுறது நாலு பேர், மேனேஜர் ஒருத்தன். அந்த மேனேஜர் யாருன்னு கேக்கறீங்களா? அடியேன்தான். எனக்கு ஆட வராது. இறங்கின ரெண்டாவது நிமிஷம் எவனாவது சுட்டுடுவான். ஆனா எக்ஸெல் நல்லா வரும். எந்த மேட்ச்ல எங்க இறங்கினோம், எத்தனாவது இடம், யாரு முதல்ல செத்தான், எல்லாத்துக்கும் கணக்கு வெச்சிருக்கேன். "ஆடத் தெரியாதவன் கோச் ஆனான்"னு பசங்க ஓட்டுவானுங்க. பரவால்ல.

இந்த டீம் ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி ஒரு கொசுவர்த்தி சுத்தணும். 2020-ல நான் ஸ்கூல் பையன். ஊரடங்கு. எங்க பெரியம்மா பையன், அண்ணன், பப்ஜி மொபைல்ல கில்லாடி. தவணையில புது போன் வாங்கி, மூணு நண்பர்களோட சேர்ந்து சின்னச் சின்ன போட்டியெல்லாம் ஜெயிச்சுக்கிட்டிருந்தான். செப்டம்பர் 2, 2020. சாயங்காலம் டிவியில ஓடுது: 118 ஆப் தடை, அதுல பப்ஜியும் ஒண்ணு. அண்ணன் எதுவும் பேசல. மொட்டை மாடிக்குப் போயிட்டான். கேம் போச்சு, டீம் போச்சு, தவணை மட்டும் பாக்கி. 2021 ஜூலையில அதே கேம் பிஜிஎம்ஐன்னு வேற பேர்ல வந்துச்சு. 2022 ஜூலையில அதையும் தூக்கினாங்க. 2023 மே மாசம் திரும்ப விட்டாங்க. அதுக்குள்ள அண்ணன் ஒரு கொரியர் கம்பெனியில சூப்பர்வைசர். இப்ப போன்ல கேம்னு எதுவுமே வெச்சுக்கல.

அந்த மொட்டை மாடி எனக்கு மறக்கவே இல்ல. அதனால எங்க டீம் ஆரம்பிச்ச அன்னிக்கே ஒரு முடிவு பண்ணிட்டேன். ஒரே கேமை நம்பி இருக்கக் கூடாது. ரெண்டு, மூணு கேம்ல டீம் வெக்கணும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கணும்.

முடிவு சரிதான். அதை நான் பண்ணின விதத்துல ஒரு நல்ல நண்பனை இழந்துட்டேன். அதைக் கடைசியில சொல்றேன். நடுவுல ஒரு வெளிநாட்டுக் கதை.

*

ஈஸ்போர்ட்ஸ்ல 'ஆர்க்'னு சொல்லுவாங்க. ஆர்கனைசேஷன்கறதோட சுருக்கம். கிரிக்கெட்டுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் மாதிரி. ஆனா ஒரு வித்தியாசம். சென்னை அணி கிரிக்கெட் மட்டும்தான் ஆடும். ஒரு ஆர்க் ஒரே நேரத்துல அஞ்சு, பத்து கேம்ல அணி வெச்சிருக்கும். கிரிக்கெட், கபடி, செஸ், கேரம்னு எல்லாத்துலயும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு கிளப் ஆடினா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

ஏன் அப்படி? இதுக்கு அடிப்படைக் காரணம் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. கிரிக்கெட்டுக்கு முதலாளி கிடையாது. வாரியம் இருக்கு, லீக் இருக்கு, ஆனா நாளைக்கு யாரோ ஒருத்தர் சுவிட்சை அணைச்சு "இனிமே உலகத்துல கிரிக்கெட் இல்ல"ன்னு சொல்ல முடியாது. தெருவுல ஸ்டம்புக்கு மூணு கோடு போட்டா ஆட்டம் ரெடி. வீடியோ கேமுக்கு முதலாளி உண்டு. அவன் சர்வரை நிறுத்தலாம், லீக்கை ஒரே நாள்ல மூடலாம், விதியை மாத்தலாம். நாம கட்டுற வீடு வாடகை நிலத்துல நிக்குது. அதனால எத்தனை மனையில வீடு கட்டறோம்கறது முக்கியமாயிடுது.

நான் படிச்சதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் டீம் லிக்விட். குதிரை படம் போட்ட நீலச் சட்டைக்காரங்க.

2000-ஆம் வருஷம். நெதர்லாந்துல விக்டர் கூசென்ஸ், ஜாய் ஹூகவீன்னு ரெண்டு பசங்க. ஸ்டார்கிராஃப்ட் புரூட் வார் கேம்ல ஒரு கிளான் ஆரம்பிக்கறாங்க. கிளான்னா கம்பெனி இல்ல, சம்பளம் இல்ல, ஒரே பேரைப் பின்னாடி போட்டுக்கிட்டு ஆடுற நண்பர் கூட்டம். கூசென்ஸுக்குக் கேம்ல பேர் நாஸ்குல். 2001-ல ஒரு வெப்சைட் போடறாங்க. அப்ப ஸ்டார்கிராஃப்ட்னா தென் கொரியாதான். அங்க அதுக்குன்னே டிவி சேனல், சம்பள ஆட்டக்காரங்க, ரசிகர் கூட்டம்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா எல்லாமே கொரிய மொழியில. வெளிநாட்டுல இருக்கற ரசிகனுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது. அந்தச் செய்தியை இங்கிலீஷ்ல கொண்டு வந்து சேர்த்த முக்கியமான இடம் இவங்க சைட்டுதான்.

இதை நான் முதல் தடவை படிச்சப்ப "சரி, அதனால என்ன"ன்னு தாண்டிப் போயிட்டேன். இப்ப யோசிச்சா, மொத்தக் கதைக்கும் சாவி இங்கதான் இருக்கு. இவங்ககிட்ட முதல்ல இருந்தது கோப்பை இல்ல. ஆளுங்க தினமும் வந்து போற ஒரு திண்ணை.

பத்து வருஷம் இப்படியே ஓடுச்சு. 2010-ல ஸ்டார்கிராஃப்ட் 2 வந்துச்சு. அப்பதான் லிக்விட் முறையா சம்பள அணியா மாறுச்சு. ஜெயிக்கணும்னா கொரியாவுக்குப் போகணும்கறதுல அவங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஓஜிஎஸ்னு ஒரு கொரிய அணியோட பேசி, தங்களோட ஆட்டக்காரங்க சிலரை அந்த அணி தங்கியிருந்த வீட்டுலயே கொண்டு போய் விட்டாங்க. மெத்தையைத் தரையில போட்டுப் படுத்து, எழுந்தா கேம், சாப்பிட்டா கேம். அதுல ஜின்ரோங்கற ஸ்வீடன்காரர் கொரியாவோட பெரிய போட்டியான ஜிஎஸ்எல்ல ரெண்டு தடவை அரையிறுதி வரைக்கும் போனார். கொரியாக்காரன் கோட்டையில வெளியாள் ஒருத்தன் அவ்வளவு தூரம் போறது அப்ப பெரிய சேதி.

அடுத்தது ரெண்டாவது கேம். 2012 டிசம்பர்ல டோட்டா 2 அணி. அமெரிக்கப் பசங்க. 2013 சர்வதேசப் போட்டியில (அதான் டோட்டாவோட உலகக் கோப்பை, 'தி இன்டர்நேஷனல்'னு பேர்) சீனாவோட பலமான எல்ஜிடி அணியைத் தோற்கடிச்சு ரசிகர்களைக் கத்த வெச்சாங்க. ஆனா அதுக்கு அடுத்த வருஷம் அதே மாதிரி சாதிக்க முடியல. 2014-ல அணியைக் கலைச்சுட்டாங்க.

இங்க கொஞ்சம் நிக்கணும். ஒரு கேம்ல தோத்து வெளியே வந்தாங்க. ஆனா ஆர்க் சாகல, ஏன்னா ஸ்டார்கிராஃப்ட் இருந்துச்சு, சைட் இருந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு, 2015 அக்டோபர்ல, அதே டோட்டாவுக்கு வேற அணியோட திரும்பினாங்க. குரோக்கிங்கற ஜெர்மன் கேப்டன் சொந்தமாச் சேர்த்து வெச்சிருந்த அஞ்சு பேரை மொத்தமா எடுத்துக்கிட்டாங்க. ஒரு தடவை தோத்த இடத்துக்கு மறுபடி போறதுக்கு வேற எங்கயாவது காலூன்றி நிக்கணும். எங்க அண்ணனுக்கு அந்த இன்னொரு கால் இல்ல.

*

2015-தான் பெரிய திருப்பம். ஜனவரியில டீம் கர்ஸ்ங்கற அமெரிக்க அணியோட இணைஞ்சாங்க. கர்ஸ்கிட்ட லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் அணி இருந்துச்சு, ஸ்டீவ் ஆர்ஹான்செட்னு தொழில் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். லிக்விட்கிட்ட பேர் இருந்துச்சு, ரசிகர் கூட்டம் இருந்துச்சு. பேர் லிக்விட்டே இருக்கட்டும், கூசென்ஸும் ஆர்ஹான்செட்டும் சேர்ந்து தலைமை பாக்கறதுன்னு முடிவாச்சு. அதே மாசம் கவுன்டர்-ஸ்ட்ரைக் அணியும் எடுத்தாங்க. அதே வருஷம் ஸ்மாஷ்ல ஹங்ரிபாக்ஸ். ஒரே வருஷத்துல கடையே மாறிப் போச்சு.

2016 செப்டம்பர்ல ஆக்ஸியோமேட்டிக்னு ஒரு முதலீட்டுக் குழு பெரும்பான்மைப் பங்கை வாங்குச்சு. அதுல இருந்தவங்க யாரு தெரியுமா? கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியோட உரிமையாளர்கள்ல ஒருத்தரான பீட்டர் கூபர், வாஷிங்டன் அணிகளோட உரிமையாளர் டெட் லியான்சிஸ், மேஜிக் ஜான்சன். 2018-ல மைக்கேல் ஜோர்டானே அந்தக் குழுவுல பணம் போட்டார். நண்பர்கள் ரெண்டு பேர் ஆரம்பிச்ச கிளான் எங்க போய் நிக்குது பாருங்க!

"அப்ப பரிசுப் பணத்துல கோடி கோடியா சம்பாதிச்சிருப்பாங்க"ன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். தப்பு. (இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி எனக்கே ஆப்பு வெக்கப் போற வரி.) பரிசுப் பணத்துல பெரும் பங்கு ஆட்டக்காரங்களுக்குத்தான் போகும். அதுதான் இந்தத் தொழில்ல வழக்கம். ஆர்க்கோட வருமானம் வேற: சட்டையில விளம்பரம், லீக் நடத்துற கேம் கம்பெனி தர்ற பங்கு, சட்டை விக்கறது, வீடியோ. லிக்விட்டுக்கு ஏலியன்வேர் கம்ப்யூட்டர் கம்பெனி ரொம்ப வருஷமா ஸ்பான்சர். 2018-ல அவங்க பேர்லயே கலிஃபோர்னியாவுல சாண்டா மோனிகாவுல 8,000 சதுர அடியில பயிற்சி மையம் தொறந்தாங்க. 2019-ல மார்வெலோட சேர்ந்து கேப்டன் அமெரிக்கா சட்டை விட்டாங்க. 2020-ல நெதர்லாந்துல உட்ரெக்ட் நகரத்துல இன்னொரு மையம். அதாவது, ஒரு அணி தோத்தாலும் சம்பளம் நிக்காத மாதிரி வருமானத்தை ஆட்டத்துக்கு வெளியே தேடினாங்க.

*

இனிமே கொஞ்சம் ஆட்டக் கதை. இதைச் சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது.

2017 ஆகஸ்ட், சியாட்டில். டோட்டா உலகக் கோப்பை. பரிசுத் தொகை மொத்தம் 2.4 கோடி டாலருக்கு மேல. அதுல வால்வ் கம்பெனி போட்டது வெறும் 16 லட்சம் டாலர். மீதியெல்லாம் ரசிகர்கள் கேம்ல வாங்கின பாஸ் விற்பனையோட கால் பங்கு. நம்ம ஊர் கோயில் திருவிழாவுக்கு வரி போடற மாதிரி, உலகம் பூரா வரி போட்டு நடத்தின திருவிழா.

பிரதான சுற்றுல லிக்விட் முதல் ஆட்டத்துலயே இன்விக்டஸ் கேமிங்கிட்ட தோத்துட்டாங்க. இந்தப் போட்டியில ஒரு தடவை தோத்தா கீழ்ப் பிரிவு. அங்க இன்னொரு தடவை தோத்தா பெட்டியைக் கட்டிடணும். அங்கிருந்து வரிசையா அஞ்சு தொடர் ஜெயிச்சாங்க. ஒவ்வொண்ணும் வாழ்வா சாவா. இறுதிப் போட்டியில சீனாவோட நியூபீயை 3-0. அந்தப் போட்டியோட வரலாத்துலயே இறுதி ஆட்டம் 3-0ன்னு முடிஞ்சது அதான் முதல் தடவை. முதல் பரிசு 1 கோடியே 8 லட்சம் டாலர். குரோக்கி, மிராக்கிள், மைண்ட் கன்ட்ரோல், மாட்டும்பாமான், ஜிஎச். இந்த அஞ்சு பேரும் வெவ்வேற நாட்டுக்காரங்க. அண்ணன் போன்ல அந்த ஹைலைட்ஸைத்தான் நான் பல தடவை பாத்திருக்கேன்.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கதை இதுக்கு நேர் எதிர். வட அமெரிக்க லீக்ல இவங்கன்னாலே நாலாவது இடம்னு கிண்டல் பண்ணுவாங்க. 2016-ல அணிக்குள்ளயே சண்டை. இவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? அந்தச் சண்டை, அழுகை, கத்தல் எல்லாத்தையும் 'பிரேக்கிங் பாயின்ட்'னு ஒரு ஆவணப்படமா அவங்களே வெளியிட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு கம்பெனி இப்படித் தன் வீட்டுச் சண்டையைத் தானே படம் புடிச்சுப் போடுமா? 2017-ல இன்னும் மோசம். லீக்லருந்து வெளியே தள்ளுற தகுதிச் சுற்று வரைக்கும் போய்த் தப்பிச்சாங்க. 2018-லருந்து லீக்ல இருக்கணும்னா ஏற்கனவே இருக்கற அணிங்களுக்கே ஒரு கோடி டாலர் கட்டணம். கட்டினாங்க. அணியை மொத்தமா மாத்தினாங்க. 2018, 2019 ரெண்டு வருஷமும் சேர்த்துத் தொடர்ச்சியா நாலு பட்டம். 2019 சர்வதேச எம்எஸ்ஐ போட்டியில அப்போதைய உலகச் சாம்பியன் இன்விக்டஸ் கேமிங்கை 3-1ன்னு சாய்ச்சு இறுதிக்குப் போய், ஜி2கிட்ட தோத்தாங்க.

அதே 2019-ல கவுன்டர்-ஸ்ட்ரைக் அணி சிட்னி, டல்லாஸ், ப்ரோ லீக், கொலோன்னு நாலு பெரிய கோப்பையை 63 நாள்ல அடிச்சு, கிராண்ட் ஸ்லாம் பரிசு 10 லட்சம் டாலரைத் தட்டிட்டுப் போச்சு. ஆனா அதுக்கப்புறம் வந்த மேஜர்ல காலிறுதியிலயே அவுட்.

ஒரே வருஷத்துல ஒரு அணி உச்சி, இன்னொரு அணி பாதாளம். இதான் பல கேம்ல இருக்கறதோட அர்த்தம். எல்லாரும் ஒரே நேரத்துல ஜெயிக்க மாட்டாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல தோக்கவும் மாட்டாங்க.

*

ஆனா "நிறைய கேம்ல டீம் வெச்சா பொழைச்சுக்கலாம்"னு எடுத்துக்கக் கூடாது. நான் செஞ்ச முதல் தப்பு அதான்.

2018 டிசம்பர்ல பிளிஸார்ட் கம்பெனி ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் லீக்கை நிறுத்தறதா திடீர்னு அறிவிச்சுது. லிக்விட்டுக்கும் அதுல அணி இருந்துச்சு. அவ்வளவுதான், காலி. அதே பிளிஸார்டோட ஓவர்வாட்ச் லீக்குல ஒரு இடத்துக்கு 2 கோடி டாலர்னு பேச்சு. பல பெரிய ஆர்க்குங்க உள்ள குதிச்சாங்க. லிக்விட் குதிக்கல. 2023-ல அந்த லீக் முடிஞ்சு போச்சு. எந்தக் கேமுக்குப் போகக் கூடாதுன்னு தெரியறதும் வளர்ச்சிதான் போல.

பல கேம் வெச்சிருந்த மத்த ஆர்க்குங்க கதை எல்லாம் சுகமா முடியல. டிஎஸ்எம்னு ஒரு ஜாம்பவான். 2021-ல எஃப்டிஎக்ஸ்ங்கற கிரிப்டோ கம்பெனியோட 21 கோடி டாலர் பெயர் ஒப்பந்தம் போட்டாங்க. 2022 நவம்பர்ல அந்தக் கம்பெனியே திவால். டிஎஸ்எம் 2023-ல லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் இடத்தையே வித்துட்டு வெளியேறுச்சு. சிஎல்ஜிங்கற பழைய பேர் 2023-ல மறைஞ்சே போச்சு. அவங்களுக்கும் பல கேம் இருந்துச்சே! அப்ப லிக்விட் எதனால நிக்குது?

என் புத்திக்கு எட்டின வரைக்கும் ரெண்டு காரணம்.

ஒண்ணு, அந்தத் திண்ணை. அவங்க சைட்டுக்குப் பக்கத்துலயே லிக்விபீடியான்னு ஒரு கலைக்களஞ்சியம் வளர்ந்துச்சு. எந்தக் கேம், எந்தப் போட்டி, யாரு எப்ப எந்த அணிக்கு ஆடினான்னு ரசிகர்களே எழுதி வெக்கற இடம். தங்களுக்கு அணியே இல்லாத கேமுக்கும், தங்களைத் தோற்கடிச்ச அணிக்கும் அங்க பக்கம் உண்டு. உலகத்துல எவன் ஜெயிச்சாலும் அதைப் பதிவு பண்ற நோட்டு இவங்க வீட்டுல இருக்கு.

ரெண்டு, ஆளுங்களை நடத்துற விதம். 2019-ல ஷாங்காய்ல டோட்டா உலகக் கோப்பை இறுதியில ஓஜிகிட்ட தோத்தப்புறம் குரோக்கி அணி மொத்தமா வெளியே போய், நிக்மான்னு சொந்தமா ஆர்க் ஆரம்பிச்சாங்க. லிக்விட் அவங்களை மரியாதையா வழியனுப்பி வெச்சுட்டு, இன்சானியா, மிக்கே, பாக்ஸி இருந்த இன்னொரு அணியை எடுத்தாங்க. இந்தப் புது அணி நல்லா ஆடும், ஆனா கோப்பை வராது. 2023-ல லிமா, பெர்லின்னு ரெண்டு மேஜர் இறுதியிலயும் தோல்வி. ரெண்டு தடவையும் அதே கெய்மின் கிளாடியேட்டர்ஸ்கிட்ட! வேற யாரா இருந்தாலும் அணியைக் கலைச்சிருப்பாங்க. இவங்க ஒண்ணு ரெண்டு பேரை மாத்தினாங்களே தவிர, அந்த மூணு பேரைக் கை விடல. 2024 செப்டம்பர், கோபன்ஹேகன். உலகக் கோப்பை இறுதி. எதிர்ல யாரு? அதே கெய்மின் கிளாடியேட்டர்ஸ். 3-0. அஞ்சு வருஷம் கழிச்சு. மொத்தப் பரிசுத் தொகை 2017-ல இருந்ததுல எட்டுல ஒரு பங்கு கூட இருக்காது. அவங்க அழுதது பணத்துக்கு இல்ல.

அதே வருஷம் ரியாத்ல நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில, எல்லாக் கேம் புள்ளியும் கூட்டி கிளப்புகளை வரிசைப்படுத்தினப்ப லிக்விட்டுக்கு ரெண்டாவது இடம். அந்தப் புள்ளியில ஒரு பங்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, ஸ்டார்கிராஃப்ட் 2-லருந்து. க்ளெம்ங்கற பிரெஞ்சுப் பையன் இறுதியில செரலை 5-0ன்னு அடிச்சான். எல்லாரும் செத்துப் போச்சுன்னு சொன்ன கேம். இவங்க ஆரம்பிச்ச வீடு. அதைப் பூட்டாம வெச்சிருந்தாங்க.

*

இப்ப என் கதைக்கு வர்றேன்.

போன வருஷம் எங்க டீம் ஒரு காலேஜ் போட்டியில 20,000 ரூபாய் ஜெயிச்சுது. மேனேஜர் ஐயா கணக்குப் போட்டார். நாலு பேருக்கும் ஆளுக்கு 2,000. மீதி 12,000-த்தை எடுத்து ஜூனியர் பசங்க அஞ்சு பேரை வெச்சு வாலரன்ட் டீம் ஆரம்பிக்கறது. அவனுங்ககிட்ட நல்ல கம்ப்யூட்டர் இல்ல, நெட் சென்டர்ல மணிக்கணக்குல ஆடணும், அதுக்குத்தான் அந்தப் பணம். "ஒரு கேமை நம்பக் கூடாதுடா. லிக்விட்டைப் பாரு"ன்னு அரை மணி நேரம் பிரசங்கம் வேற பண்ணினேன்.

கேப்டன் கேட்டான். ஒரே கேள்விதான். "மச்சி, இது யாரு காசு?"

"டீம் காசு"ன்னு சொன்னேன்.

"டீம்னா யாரு? நீயா, நாங்களா?"

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "நீ சுயநலமா யோசிக்கற"ன்னு சொல்லிட்டேன். அவன் அப்பா ஆட்டோ ஓட்டறார். அந்த மாசம் அவன் போன் டிஸ்ப்ளே ஒடைஞ்சு, ஒடைஞ்ச கண்ணாடியிலயே விரலை வெச்சு ஆடிதான் அந்தப் போட்டியை ஜெயிச்சுக் குடுத்தான். அது எனக்குத் தெரியும். என் எக்ஸெல்ல அதுக்கு ஒரு கட்டம் இல்ல, அவ்வளவுதான். அடுத்த நாள் அவன் குரூப்பை விட்டுப் போயிட்டான். ஒரே ஃப்ளோர்ல இருந்துக்கிட்டு ஆறு மாசமாப் பேசல.

வாலரன்ட் டீம் முதல் போட்டியில முதல் சுற்றுலயே அவுட். பிஜிஎம்ஐ டீமும் கேப்டன் இல்லாம மொக்கையாயிடுச்சு. ரெண்டு வீடு கட்டறேன்னு இருந்த ஒரு வீட்டோட தூணைப் பிடுங்கிட்டேன்.

போன மாசம்தான் லிக்விட் பத்தி மறுபடி உக்காந்து ஒழுங்காப் படிச்சேன். மேல ஞாபகம் வெச்சுக்கங்கன்னு சொன்னேனே, அந்த வரி அப்பதான் மண்டையில அடிச்சுது. பரிசுப் பணம் ஆடினவனோடது. ஆர்க் வளரணும்னா ஆர்க் வெளியே போய்ச் சம்பாதிக்கணும். அதுதான் மேனேஜரோட வேலை! நான் என் வேலையைச் செய்யாம, அவன் வேலை பாத்ததுல கை வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் செஞ்சது இவ்வளவுதான். காலேஜ் வாசல்ல பேக்கரி வெச்சிருக்கற அண்ணாகிட்டப் போய், டீம் சட்டையில கடை பேர் போடறோம்னு கேட்டேன். "என்னங்க தம்பி, இவனுங்க ஆடறத யாரு பாக்கறா?"ன்னார். எக்ஸெல்லைக் காட்டினேன். எங்க மேட்சைப் பாத்த ஹாஸ்டல் பசங்க எண்ணிக்கை வரைக்கும் அதுல இருந்துச்சு. சிரிச்சுட்டு 5,000 ரூபாய் குடுத்தார். அதுதான் இனிமே வாலரன்ட் பசங்க நெட் சென்டர் காசு. ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேத்து வெச்சிருந்ததுலருந்து கேப்டனோட பாக்கி 3,000-த்தை எடுத்துக்கிட்டு அவன் ரூமுக்குப் போனேன். மத்த மூணு பேருக்கும் இதுவரைக்கும் பாதி குடுத்திருக்கேன், மீதி அடுத்த மாசம்.

அவன் காசை எண்ணிப் பாத்தான். "லேட்டா வந்தாலும் கணக்கு சரியா இருக்கு"ன்னான். "சாரி மச்சி"ன்னேன். "சரி போ, நாளைக்கு எனக்கு லேப் இருக்கு"ன்னான். டீமுக்குத் திரும்பி வர்றேன்னு சொல்லல. நானும் கேக்கல. மாட்டும்பாமானை 2019-ல லிக்விட்டுலருந்து அனுப்பினாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு அதே லிக்விட்டுக்குத் திரும்பி வந்து, 2022 உலகக் கோப்பையில மூணாவது இடம் பிடிச்சுட்டுத்தான் ஓய்வு பெற்றார். அந்த மாதிரி ஏதாவது நடந்தா நல்லா இருக்கும். இல்லன்னாலும் மெஸ்ஸுல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா போதும்.

வீட்டுல அப்பா கேக்கறார், "அதான் ஆன்லைன் கேமையெல்லாம் தடை பண்ணிட்டாங்களாமே, இன்னும் என்னடா டீமு?"ன்னு. 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டம் பணம் கட்டி ஆடற கேமைத்தான் தடுத்துச்சு, ஈஸ்போர்ட்ஸைத் தனியா அங்கீகரிச்சிருக்குன்னு விளக்கினேன். "சோறு போடுமா?"ன்னார். "எனக்குத் தெரியலப்பா. ஆனா கணக்கு எழுதக் கத்துக் குடுத்துச்சு"ன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் பேப்பரைப் பிரிச்சுட்டார்.

சரி மக்களே, ரிவ்யூ ஸ்லைடு கூப்பிடுது. உங்க காலேஜ்லயும் இப்படி ஒரு டீம் இருந்தா, காசு வந்த அன்னிக்கே யாருக்கு எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. ஜெயிக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டா இன்னும் நல்லது.

டிஸ்கி: அண்ணனுக்கு இந்தப் பதிவை அனுப்பப் போறேன். 2024 இறுதி ஆட்டத்தை அவன் இன்னும் பாக்கலையாம். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப மொட்டை மாடியில உக்கார வெச்சுக் காட்டணும். :-)